தோட்டத்து முயல் சட்டிக்கு வருமா?

கேட்டது இது: "வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறேன். இரவோடு இரவாகக் காட்டு முயல்கள் வந்து அவரை, கீரை, கோஸ் நாற்று எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டுப் போகின்றன. பிடித்துச் சமைத்துவிட்டால் தோட்டமும் பிழைக்கும், கறியும் ஆயிற்று என்று தோன்றுகிறது. காட்டு முயலைச் சாப்பிடலாமா? மான், பன்றி மாதிரி வேறு ஏதாவது வந்தால்?"

சாப்பிடலாம். முயல் கறி நல்ல கறி. ஆனால் முயலைச் சாப்பிடுவதால் தோட்டம் பிழைக்காது. 'நீ என் அவரையைத் தின்றாய், நான் உன்னைத் தின்கிறேன்' என்று கணக்கு நேராகிவிடும் போலத்தான் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. முதல் வருடம் நாற்பது அவரை முளைத்து ஆளுக்கு நாலு இலை விட்டிருந்தன. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் வரிசையாகக் குச்சிகள் மட்டும் நிற்கின்றன. அன்றைக்கு இருந்த கோபத்தில் முயலை ரோமத்தோடு தின்றிருப்பேன்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஐரோப்பியக் காட்டு முயல் ஒன்று உயிரோடு ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். தோல், தலை, குடல், பாதம் எல்லாம் போனால் ஏறக்குறைய பாதி மிஞ்சும், அதிலும் எலும்பு இருக்கிறது. இரண்டு மூன்று பேருக்கு ஒரு வேளைக்கு ஆகும். அது மேய்ந்துகொண்டிருந்த இடம் காலியானால் வேலி ஓரத்தில் காத்திருக்கும் அடுத்த முயல் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெண் முயல் முப்பது நாளில் குட்டி போடும், போட்ட கையோடு மறுபடி இணை சேரும். ஒரு ஈற்றுக்கு நாலைந்து குட்டி, வருடத்துக்குப் பல ஈற்று. நீங்கள் மாதத்துக்கு இரண்டு பிடித்தால், மிச்சமிருக்கும் குட்டிகளுக்குப் புல் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

இதை ஒரு கண்டமே முயன்று பார்த்துவிட்டது. 1859ல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இருந்த தன் பண்ணையில், வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்திலிருந்து இருபத்து நான்கு முயல்களை வரவழைத்து விட்டார். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் கண்டத்தின் பெரும்பகுதிக்கு முயல் பரவிவிட்டது. சுட்டார்கள், பொறி வைத்தார்கள், தோலில் தொப்பி செய்தார்கள். 1930களின் பொருளாதாரப் பஞ்சத்தில் 'நிலத்தடி ஆட்டுக்கறி' என்று பெயர் வைத்துத் தினம் தின்றார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை மூன்று வேலிகள், மொத்தம் 3,200 கிலோமீட்டருக்கு மேல், முயலுக்காகவே கட்டினார்கள். முயல் தீரவில்லை. 1950ல் முயலைக் கொல்லும் மிக்ஸோமா வைரஸை அவிழ்த்துவிட்ட பிறகுதான் எண்ணிக்கை சரிந்தது, அப்புறம் எதிர்ப்புச் சக்தி வந்து மறுபடி ஏறியது. சட்டி வைத்துத் தீர்க்கிற விஷயம் இல்லை இது.

ஆகவே கறி ஒரு கணக்கு, தோட்டம் ஒரு கணக்கு. நீங்கள் முக்கியமாகக் கேட்டது கறியைப் பற்றி, அதை முதலில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: தின்றது முயல்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழியை முயல் மேல் போட்டுவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருந்தவர்கள் உண்டு.

வெட்டுப்பட்ட தண்டை விரலால் தடவிப் பாருங்கள். முயல் கடித்தது என்றால் கத்தரிக்கோலால் சாய்வாக நறுக்கியது போல வழுவழுப்பாக இருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அது கீழ்ப்பல்லால் பிடித்து இழுத்துத்தான் பிய்க்க வேண்டும், அதனால் நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும். உயரமும் துப்புக் கொடுக்கும். பின்னங்காலில் எழுந்து நின்றாலும் முயலின் வாய் தரையிலிருந்து சுமார் 60 செ.மீ. உயரத்துக்குமேல் எட்டாது. அதற்கு மேலே கடித்திருந்தால் வேறு ஆள். மண்ணை உழுதது போலக் கிளறிப்போட்டிருந்தால் பன்றி. இலையில் ஓட்டையும் பிசுபிசுப்பான கோடும் இருந்தால் நத்தை, அதற்குக் கண்ணி வைக்க முடியாது. பட்டாணி அளவில் உருண்டையாக, காய்ந்து கிடக்கும் புழுக்கையை நசுக்கினால் புல் தூளாக உதிரும், அது முயல் போட்டது. முயல் இன்னொரு வகைப் புழுக்கையும் போடும், மெத்தென்று, பளபளப்பாக. அதை வெளியே விழவிடாமல் அப்படியே வாயால் எடுத்துத் தின்றுவிடும், ஒரு முறை செரித்ததை இரண்டாம் முறை செரிப்பதற்காக. அதனால் உங்கள் கண்ணில் படாது.

அடுத்தது, எந்த முயல்? தமிழில் இரண்டு பிராணிகளுக்கு ஒரே பெயர் வைத்துவிட்டோம். ஒன்று வளை தோண்டி மண்ணுக்குள் கூட்டமாக வாழ்வது. அதன் குட்டி கண் திறக்காமல், ரோமம் இல்லாமல் பிறக்கும். இதைக் குழிமுயல் என்கிறார்கள். கூண்டில் வளர்க்கிற வெள்ளை முயல், சாம்பல் முயல் எல்லாம் ஐரோப்பியக் குழிமுயலின் வம்சம்தான். இன்னொன்று வளை தோண்டாது. புல்லில் உடம்பு பதிந்த ஒரு பள்ளம்தான் அதற்கு வீடு. நீண்ட கால், நீண்ட காது, தனிமை. குட்டி பிறக்கும்போதே ரோமமும் திறந்த கண்ணுமாக இருக்கும். இந்தியக் காடுமேடுகளில் பரவலாகப் பார்க்கிற கருங்கழுத்து முயல் இந்த இரண்டாவது ரகம். அமெரிக்கத் தோட்டங்களுக்கு வரும் பஞ்சுவால் முயல் முதல் ரகத்தின் உறவு, ஆனால் அதுவும் பெரும்பாலும் வளை தோண்டாமல் புல்லுக்குள் சின்னக் குழியில் குட்டி வைக்கும். எந்த முயல் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும், வேலி உயரம் மாறும், கறி வேகும் நேரமும் மாறும்.

சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் கையை வைக்க வேண்டாம். 'என் தோட்டத்துக்குள் வந்தது என்னுடையது' என்ற நினைப்பு பல நாடுகளில் செல்லாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம். பொறி வைத்துப் பிடிப்பதும் வேட்டைதான், அதன் கறியை வைத்திருப்பதும் சிக்கல்தான். உங்கள் கீரையைத் தின்றது என்பது விதிவிலக்கு ஆகாது. மயில், மான் விஷயத்தில் சொல்லவே வேண்டாம். அங்கே முயல் கறி வேண்டுமென்றால் பண்ணை முயல் மட்டும்தான் வழி. பிரிட்டனில் தலைகீழ்: 1880ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நிலத்தைப் பயிரிடுபவருக்கே, நிலச் சொந்தக்காரர் வேண்டாம் என்றாலும், அங்குள்ள முயலைப் பிடிக்கும் உரிமையைக் கொடுக்கிறது. ஆனால் எப்படிப் பிடிக்கலாம் என்பதில் கட்டுப்பாடு உண்டு. சுருக்குக் கண்ணியை வேல்ஸ் 2023லும் ஸ்காட்லாந்து 2024லும் தடை செய்துவிட்டன. அமெரிக்காவில் பஞ்சுவால் முயலுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம், வேட்டைப் பருவம், ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற வரம்பு எல்லாம் உண்டு. ஆஸ்திரேலியாவில் அது ஒழிக்கப்பட வேண்டிய பிராணி. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. உங்கள் பகுதி வனத்துறையிலோ வேட்டை உரிமம் தரும் அலுவலகத்திலோ ஒரு முறை கேட்டுவிடுங்கள். உயிரோடு பிடித்து வேறு எங்காவது விட்டுவிடலாம் என்ற இரக்க யோசனையும் பல இடங்களில் சட்டவிரோதம். அறியாத இடத்தில் விடப்பட்ட முயலுக்கு வளையும் தெரியாது, ஒளியும் இடமும் தெரியாது, சீக்கிரம் வேறு ஏதாவது பிடித்துத் தின்றுவிடும்.

சட்டம் சரி என்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது எந்த முயலைச் சாப்பிடக் கூடாது என்று பார்ப்போம்.

உங்களைப் பார்த்து ஓடாத முயலைச் சாப்பிடாதீர்கள். நான் மனதில் வைத்திருக்கும் முதல் விதி இது. காட்டு முயல் மனிதனைக் கண்டால் ஓட வேண்டும். கிட்டே போயும் உட்கார்ந்தபடி தள்ளாடுகிறது என்றால் அதற்கு நோய், அல்லது யாரோ வைத்த விஷம். தோட்டத்தில் செத்துக் கிடப்பது, பூனை கவ்விக்கொண்டு வந்து போட்டது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம்.

பயப்பட வேண்டிய நோய் துலரீமியா. முயல் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். கலிபோர்னியாவின் துலாரி மாவட்டத்தில் முதலில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். இந்தக் கிருமி ஒரு பத்து உடம்புக்குள் போனாலே போதும், நோய் வந்துவிடும். தோலுரிக்கும்போது விரலில் இருக்கிற சின்னக் கீறல் வழியாகப் போகும், உண்ணி கடித்தும் வரும். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் பலருக்கு நுரையீரலில் இந்த நோய் வந்தது. விசாரித்ததில் புல்வெட்டி ஓட்டியதும் புதர் வெட்டியதும்தான் தொடர்பு என்று தெரிந்தது. கிருமி தூசியோடு மூக்கில் ஏறியிருக்கிறது. முயலைத் தொட்ட மூன்று நாலு நாளில் திடீர்க் காய்ச்சல், கையில் ஆறாத புண், அக்குளில் நெறி கட்டுவது, இப்படி ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் போய் முதல் வாக்கியமாக "முயலைத் தொட்டேன்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்ற வாய்ப்பு குறைவு. தெரிந்துவிட்டால் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தில் குணமாகும். கறியை உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரை வேகவைத்தால் கிருமி செத்துவிடும். ஃப்ரீசரில் வைத்தால் சாகாது. சமைப்பதைவிடத் தோலுரிப்பதுதான் ஆபத்து, எனவே ரப்பர் கையுறை கட்டாயம். குளிர் நாடுகளில் பழைய வேட்டைக்காரர்கள் நல்ல உறைபனி விழுந்த பிறகுதான் முயலைத் தொடுவார்கள். உண்ணி அடங்கியிருக்கும், நோயுற்ற முயலும் அதற்குள் செத்துப்போயிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அது உத்தரவாதம் இல்லை, ஆனால் முட்டாள்தனமும் இல்லை.

வயிற்றைத் திறந்ததும் ஈரலையும் மண்ணீரலையும் பாருங்கள். ஈரல் ஒரே நிறமாக, கருஞ்சிவப்பாக, பளபளவென்று இருக்க வேண்டும். குண்டூசித் தலை அளவில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்தது போல இருந்தால் துலரீமியாவாக இருக்கலாம், சாதாரண ஈரல் ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். எது என்று ஆராய நமக்கு ஆய்வகம் இல்லை. கையுறையோடு மொத்தமாக ஆழப் புதைத்துவிடுங்கள். குடலை ஒட்டிச் சின்னச் சின்னக் கண்ணாடி மணி போல நீர்க்கொப்புளங்கள் தெரிந்தால் பதற வேண்டாம், அது நாயின் நாடாப்புழுவுடைய இளம் பருவம். மனிதனுக்கு வராது, எடுத்து எறிந்துவிட்டுக் கறியைச் சமைக்கலாம். ஆனால் அந்தக் குடலைப் பச்சையாக நாய்க்குப் போட்டுவிடாதீர்கள், புழுவுக்கு வேண்டியது அதுதான். பஞ்சுவால் முயலின் கழுத்துத் தோலுக்கடியில் கோடைக்காலத்தில் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு புழு இருப்பதும் உண்டு. ஒரு வகை ஈயின் குஞ்சு. பார்க்கக் குமட்டும், கறிக்கு ஒன்றும் செய்யாது.

கண்ணும் முகமும் வீங்கி, பார்வை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் முயலுக்கு மிக்ஸோமடோசிஸ். 1953ல் இந்த நோய் பிரிட்டனுக்குள் வந்தபோது அங்கிருந்த முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்தது என்பார்கள். மனிதனுக்கு இது தொற்றாது. ஆனாலும் அந்த வருடங்களில் வீங்கிய முகத்தோடு சாலையோரம் கிடந்த முயல்களைப் பார்த்த தலைமுறையில் பலர் அதோடு முயல் கறியையே விட்டுவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது.

இன்னொரு ஆபத்து நோய் அல்ல, நாம்தான். எலிக்கு வைக்கிற ரத்தம் உறையாமல் செய்யும் மருந்து முயலின் ஈரலில் பல வாரம் தங்கும். நீங்களோ பக்கத்து வீட்டுக்காரரோ எலி மருந்து வைத்திருந்தால், பூச்சி மருந்து அடித்து நாலு நாள்தான் ஆகிறது என்றால், அந்த முயல் சட்டிக்கு வேண்டாம். சுட்ட முயல் என்றால் குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். ஈயத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் கறிக்குள் சிதறியிருக்கும், குழந்தைகளுக்கு அது நல்லதில்லை. பேச்சோடு பேச்சாக: முயல் தின்கிறது என்பதால் ஒரு செடி நமக்கும் ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள். ஊமத்தை வகைச் செடிகளில் இருக்கும் அட்ரோபின் என்ற நஞ்சைச் சிதைக்கும் நொதி சில முயல்களின் உடம்பிலேயே இருக்கிறது. நமக்கு இல்லை.

சரி, நல்ல முயல் ஒன்று கையில் இருக்கிறது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர். அவர் கத்தியை எடுக்கும் முன்பே செய்யும் வேலை: முயலை நிமிர்த்திப் பிடித்து, அடிவயிற்றில் கட்டைவிரலை வைத்துக் கீழ்நோக்கி ஒரே அழுத்தாக வழிப்பார். சிறுநீர்ப்பையில் இருக்கிற மூத்திரம் பீய்ச்சி வெளியே போய்விடும். நான் முதல் தடவை இதை மறந்துவிட்டேன். கத்தி நுனி பையில் பட்டு, பின்தொடைக் கறி முழுக்க நாற்றம் ஏறியது. எத்தனை தண்ணீரில் கழுவியும் போகவில்லை.

குடலை உடனே எடுங்கள், மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். முயலின் வயிறு முழுக்கப் புளித்துக்கொண்டிருக்கும் புல், சூடு ஆறாமல் இருந்தால் அந்த வாசனை கறியில் இறங்கும். அடிவயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, அந்த இடத்தில் சின்னதாக ஒரு கீறல். அதற்குள் இரண்டு விரலை விட்டு, விரலுக்கு நடுவில் கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்கும்படி நெஞ்செலும்பு வரை அறுத்துக்கொண்டு போனால் குடல் கிழியாது. ஈரலில் ஒட்டியிருக்கும் பச்சைப் பித்தப்பையை, கொஞ்சம் ஈரலோடு சேர்த்தே வெட்டி எடுத்துவிடுங்கள். அது உடைந்தால் கசப்பு. தோலுரிப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம். ஆட்டுத் தோல் போல முரண்டு பிடிக்காது, பின்னங்காலில் இருந்து விடுவித்துவிட்டால் ஈரச் சட்டையைத் தலை வழியாகக் கழற்றுவது போல மொத்தமாகக் கழன்று வரும். கறியில் ஒட்டும் ரோமம்தான் தொல்லை. கையை அடிக்கடி கழுவிக்கொள்ளுங்கள்.

செத்த விறைப்போடு சமைத்தால் செருப்புத் தோல் தின்பது போல இருக்கும். ஃப்ரிட்ஜில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், மூடி வையுங்கள். இளசா முற்றலா என்று காதைப் பார்த்துச் சொல்லலாம். விளிம்பைப் பிடித்து இழுத்தால் காகிதம் போலக் கிழிந்தால் இளசு. நகம் கூராக இருப்பதும் இளசின் அடையாளம், முற்றிய முயலுக்கு நகம் மழுங்கி, காது தோல் போல உரப்பாக இருக்கும்.

சமையலில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: கொழுப்பு. காட்டு முயலின் கறியில் கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். 100 கிராம் பச்சைக் கறியில் புரதம் சுமார் 22 கிராம், கொழுப்பு இரண்டு கிராம் சொச்சம். பண்ணை முயலில் கொழுப்பு அதைப்போல இரு மடங்குக்கு மேல். அதனால் பண்ணை முயலுக்கோ கோழிக்கோ எழுதிய செய்முறையைக் காட்டு முயலுக்குப் போட்டால் வறண்டுவிடும். எண்ணெயோ கொழுப்போ தாராளமாக வேண்டும், நீர் வேண்டும், மூடி வேண்டும், தீ சின்னதாக வேண்டும். இளம் முயல் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும், கிழடு என்றால் இரண்டு மூன்று மணி நேரம் கூட ஆகும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், தொடை எலும்பிலிருந்து கறி தானாக விலகுகிறதா என்று பாருங்கள். முதுகுக் கறியை மட்டும் தனியாக எடுத்து வைத்துக் கடைசியில் போடலாம், அது சீக்கிரம் வெந்துவிடும், அதிகம் வெந்தால் சக்கை. முதுகின் மேல் இருக்கும் வெள்ளிச் சவ்வைக் கத்தியால் சீவி எடுத்துவிடுங்கள், அது எத்தனை நேரம் வைத்தாலும் கரையாது. விலா எலும்பு ஊசி மாதிரி இருக்கும், குழந்தைகளுக்குப் பிய்த்துக் கொடுங்கள். வளை தோண்டாத பெரிய ரக முயல் என்றால் கறி கருஞ்சிவப்பு, வாசனையும் கனம், வேகவும் இன்னும் நேரம் பிடிக்கும்.

கொழுப்பில்லாத இந்தக் கறிக்கு வேறொரு கதையும் உண்டு. வடதுருவப் பகுதிகளில் ஆண்டுக்கணக்கில் சுற்றிய ஆய்வாளர் வில்யால்மர் ஸ்டெஃபான்சன் 'முயல் பட்டினி' என்று ஒன்றை விவரித்திருக்கிறார். வேறு எதுவும் கிடைக்காமல் முயல் கறியை மட்டும் தின்றவர்கள், வயிறு புடைக்கத் தின்றும் பசி அடங்காமல், பேதியும் சோர்வுமாக விழுந்தார்களாம். உடம்பு புரதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓட முடியாது, கல்லீரலால் ஓரளவுக்கு மேல் அதைக் கையாளவும் முடியாது. நீங்கள் கூடவே சோறோ ரொட்டியோ எண்ணெயோ சாப்பிடுவதால் உங்களுக்கு இது வராது. எண்ணெயைக் கஞ்சத்தனமாக ஊற்றாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

மற்ற விலங்குகளைக் கேட்டீர்கள். சட்டம் அனுமதிக்கும் இடத்தில் காட்டுப்பன்றி நல்ல கறிதான், ஆனால் இளஞ்சிவப்பாக இருக்கும்போதே இறக்குவது கூடாது. ட்ரைக்கினெல்லா என்ற புழு தசைக்குள் சுருண்டிருக்கும். காட்டு விலங்குகளில் இருக்கும் சில வகைகள் ஃப்ரீசரிலும் சாகாது, உப்புக்கண்டம் போட்டாலும் புகையில் காட்டினாலும் நம்ப முடியாது. உள்ளே 71 டிகிரியாவது ஏற வேண்டும். தெற்கு ஜெர்மனியில் பன்றிக்கு இன்னொரு சோதனையும் உண்டு. 1986ல் செர்னோபிலில் வெடித்த அணு உலையிலிருந்து வந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் இன்னும் காட்டு மண்ணில் இருக்கிறது. பன்றிகள் மண்ணுக்கடியில் வளரும் ஒரு வகைக் காளானைத் தோண்டித் தின்று அதை உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. கதிரியக்கம் கிலோவுக்கு 600 பெக்கெரல் என்ற அளவுக்கு மேல் போனால் கறியை விற்க முடியாது.

மான் கறிக்கு, வட அமெரிக்காவில் இருந்தால், நாட்பட்ட தேய்வு நோயைக் கேட்டு விசாரியுங்கள். 1967ல் கொலராடோவில் முதலில் கண்ணில் பட்டது. மூளையைப் பஞ்சாக்கும் புரதக் கோளாறு, வேகவைத்தாலும் அழியாது. மனிதனுக்கு வந்ததாக நிரூபணம் இல்லை, ஆனாலும் பரிசோதனையில் நோய் இருப்பதாகத் தெரிந்த மானைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் சுகாதாரத் துறை சொல்கிறது. புறாவில் நெஞ்சுக்கறியைத் தவிர ஒன்றும் இல்லை. நோயில் சுருண்டு கிடக்கும் வாத்தையோ வேறு பறவையையோ தொடாதீர்கள், பறவைக் காய்ச்சல் இருக்கலாம்.

இப்போது தோட்டம். வேலைக்கு ஆவது கம்பிவலை ஒன்றுதான். மற்றதெல்லாம் மனத் திருப்தி. மிளகாய்க் கரைசல், முட்டைக் கரைசல், ரத்தத் தூள் எல்லாம் கொஞ்சம் வேலை செய்யும், ஒரு மழை வந்தால் போச்சு. சலூனிலிருந்து முடி வாங்கிவந்து தூவுவது, சோப்புத் துண்டு கட்டுவது, பிளாஸ்டிக் ஆந்தை வைப்பது எல்லாம் நானும் செய்திருக்கிறேன். மூன்றாம் நாள் ஆந்தையின் நிழலில் உட்கார்ந்து ஒரு முயல் கீரை தின்றது.

வலையின் ஓட்டை 3 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. கையடக்கமான குட்டி முயல் நாம் நினைப்பதைவிடச் சின்னச் சந்தில் நுழையும், 2.5 செ.மீ. இருந்தால் கவலையே இல்லை. உயரம் 90 செ.மீ. போதும். பஞ்சுவாலுக்கு இன்னும் குறைவாகவும் ஆகும், நீண்ட கால் ரகத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். மேலே தாண்டுவதைவிடக் கீழே தோண்டுவதுதான் பிரச்சினை. ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டியதில்லை. வலையின் அடிப்பகுதி 15 செ.மீ. அளவை வெளிப்பக்கமாக, முயல் வரும் பக்கமாக, எல் வடிவில் மடக்கித் தரையோடு முளையடித்துவிடுங்கள். இரண்டு மாதத்தில் புல் அதன்மேல் பின்னிக்கொள்ளும். முயல் நேராக வேலியின் அடிக்கு வந்துதான் தோண்டும். கீழே கம்பி தட்டும். ஒரு முழம் பின்னால் போய்த் தோண்டலாம் என்ற யோசனை அதற்கு வராது.

முழுத் தோட்டத்துக்கும் வேலி கட்டுப்படியாகாது என்றால் நாற்றுப் பாத்திகளுக்கு மட்டும் போடுங்கள். முற்றிய தக்காளியையும் வெங்காயத்தையும் முயல் பெரிதாகச் சீண்டுவதில்லை. அவரை, பட்டாணி, கோஸ், கேரட் தழை, லெட்டூஸ் இவைதான் அதற்கு விருந்து. பழமரக் கன்றுகளின் தண்டைச் சுற்றி வலைக்குழாய் வையுங்கள். பட்டையைச் சுற்றிலும் கொறித்துவிட்டால் இலையிலிருந்து வேருக்குப் போகும் உணவோட்டம் அறுந்து மரம் செத்துவிடும். பனி பெய்யும் இடம் என்றால் பனிமேட்டின் மேல் ஏறி நிற்கும் முயலின் உயரத்துக்குக் கணக்குப் பண்ணுங்கள்.

புல் வெட்டும் முன் ஒரு நடை நடந்து பாருங்கள். புல்தரையில் காய்ந்த புல்லும் மெல்லிய ரோமமும் மூடியது போல ஒரு திட்டு தெரிந்தால் அடியில் குட்டிகள் இருக்கும். தாய் அருகில் இல்லை என்பதால் அநாதை என்று வீட்டுக்குத் தூக்கிவந்துவிடாதீர்கள். தாய் முயல் ஒரு நாளில் ஓரிரு முறை, பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும், சில நிமிடம் வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். பக்கத்திலேயே இருந்தால் நரிக்கு இடம் காட்டிக் கொடுத்தது போலாகும் அல்லவா? சந்தேகமாக இருந்தால் அந்தத் திட்டின் மேல் நாலு நூலைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். நூல் கலைந்திருந்தால் தாய் வந்து போயிருக்கிறது. மூன்று வாரத்தில் குட்டிகள் தாமாகவே வெளியேறிவிடும், அதுவரை அந்த இடத்தில் புல் வெட்டாமல் விடுவது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. கறி தின்கிற ஆள் இதைச் சொல்கிறானே என்று சிரிக்க வேண்டாம். பாலுண்ணும் குட்டியைக் கொல்வது வேட்டை இல்லை.

வேலி முடிந்ததும் கதவைப் பாருங்கள். நான் ஒரு வாரம் உட்கார்ந்து சுற்றிலும் வலை அடித்து முடித்தேன். மறுநாள் காலை கோஸ் பாத்தியில் ஆறு நாற்று இல்லை. வேலியை இரண்டு முறை சுற்றி வந்து ஓட்டையைத் தேடினேன், ஒன்றும் இல்லை. கடைசியில் மரக் கதவுக்கு அடியில் பார்த்தால் நாலு விரல் இடைவெளி, அதன் விளிம்பில் சாம்பல் நிற ரோமம் ஒரு கொத்து சிக்கியிருந்தது. அங்கே தரையில் ஒரு செங்கல் வரிசையைப் பதித்த பிறகுதான் கோஸ் தலை கட்டியது.